முதலில் முறை, பிறகு மூடை: வன்னியில் சிறு உற்பத்தி தொடங்குகிறவர்களுக்கு

வன்னியில் ஊருக்கு ஒரு வீட்டிலாவது சீலை போர்த்திய இயந்திரம் ஒன்று விறாந்தையில் நிற்கும். மா அரைக்கிற மில், மிக்சர் பிழிகிற மெசின், பொதி ஒட்டுகிற சீலர், ஏதோ ஒன்று. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வாழ்வாதார உதவியாக வந்ததாக இருக்கும், அல்லது கடனெடுத்து வாங்கியதாக இருக்கும். ஏன் ஓடவில்லை என்று கேட்டால் "சாமான் கிடைக்கேல்லை", "கரண்ட் காணாது", "விலை ஏறிப்போச்சு" என்பார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் இயந்திரம் வீட்டுக்கு வருவதற்கு முதலே மூன்றையும் விசாரித்து அறிந்திருக்கலாம் என்பதும் உண்மை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அக்காவும் பரந்தனுக்குக் கிழக்கே வறுத்த சிவப்பரிசிமா, கறித்தூள், சத்துமா செய்து விற்கிறோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வந்தால் பெரும்பாலும் முதலில் கேட்பது "சாமான் எங்கே மலிவாக வாங்கலாம்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, நீங்கள் எந்த முறையில் செய்யப்போகிறீர்கள் என்பது. முறை தெரிந்தால்தான் எவ்வளவு பொருள், எப்போது, எந்தத் தரத்தில் வேண்டும் என்று தெரியும். அது தெரிந்த பிறகுதான் யாரிடம் வாங்குவது என்ற பேச்சு. இந்த வரிசையை மாற்றினால் காசு மூடையாக அறைக்குள் கிடந்து வண்டு பிடிக்கும்.

உதாரணங்கள் எல்லாம் உணவுப்பொருளில்தான் இருக்கும், எனக்குத் தெரிந்தது அது. தையல், தச்சு, சீமெந்துக்கல் அரிகிற வேலை செய்கிறவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான்.

படி 1: வாங்குகிறவரில் இருந்து தொடங்குங்கள்

ஒரு கொப்பி எடுங்கள். முதற்பக்கத்தில் மூன்று விடயம்: யார் வாங்குவார்கள், கிழமைக்கு எத்தனை பொதி, எந்த மாதம் கூடும், எந்த மாதம் குறையும். ஊகித்து எழுதாமல் கேட்டு எழுதுங்கள். கடைக்காரரிடம் "எங்கட மா எடுப்பீங்களோ?" என்றால் முகத்துக்காக ஓம் என்றுதான் சொல்வார். "இப்ப யாருடைய பொதி வைச்சிருக்கிறீங்கள்? கிழமைக்கு எத்தனை போகுது? விக்காததை அவை திருப்பி எடுக்கினமோ?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் சந்தை இருக்கிறது.

மாதக் கணக்கு இங்கே முக்கியம். பெரும்போக அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் வன்னியில் எல்லா வீட்டிலும் நெல் இருக்கும். சனம் தாங்களே ஊறவைத்து மில்லில் கொடுத்து அரைப்பார்கள், எங்கள் மா அந்த இரண்டு மாதமும் மெதுவாகத்தான் போகும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வந்தால் கச்சான், பலகாரம் செய்கிறவர்களுக்குக் கை ஓயாது. உங்கள் பொருளுக்கு எந்த மாதம் மேடு, எந்த மாதம் பள்ளம் என்று தெரியாமல் மாதம் ஒரே அளவு வாங்குவேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

படி 2: உங்களுக்குரிய முறையைத் தெரிவுசெய்யுங்கள்

செய்கிற முறை மூன்று. பாடசாலையில் வணிகக்கல்வி படித்தவர்களுக்கு அவற்றின் பெயர்கள் பழக்கமாக இருக்கும்.

கட்டளைக்குச் செய்வது ஒன்று. கலியாணத்துக்குப் பலகாரம், கோயிலுக்குக் கதவு, பள்ளிக்கூடத்துக்குச் சீருடை. வாங்குகிறவர் சொன்ன பிறகுதான் வேலை தொடங்கும். இதில் இருப்பு வைத்திருக்கத் தேவையில்லை, முற்பணம் வாங்கிச் செய்யலாம். எனவே கையில் காசு குறைந்தவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது. வழங்குநர் பக்கத்தில் இருக்க வேண்டும், கொஞ்சமாகக் கேட்டாலும் தர வேண்டும். கிலோவுக்கு 20 ரூபாய் கூடினாலும் பரவாயில்லை, நாளைக்கு வேண்டும் என்றால் நாளைக்கே கிடைக்க வேண்டும்.

தொகுதியாகச் செய்வது இரண்டாவது. இன்றைக்கு 30 கிலோ அரிசிமா, நாளைக்கு 20 கிலோ கறித்தூள், மறுநாள் சத்துமா. அதே அடுப்பு, அதே மில், பொருள் மட்டும் மாறும். வன்னியில் சிறிய உணவுத் தொழில்கள் கிட்டத்தட்ட எல்லாம் இப்படித்தான். இந்த முறையில் முக்கியம், ஒரு தொகுதியைப் போலவே அடுத்த தொகுதியும் இருக்க வேண்டும் என்பது. போன மாதம் சிவந்திருந்த தூள் இந்த மாதம் மங்கியிருந்தால் கடைக்காரர் பொதியைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் வைத்துவிடுவார். ஆகவே உங்களுக்கு வேண்டியது ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் தருகிற வழங்குநர். அவர் ஊரிலேயே மலிவானவராக இருக்க வேண்டியதில்லை.

தொகுதி மாற்றும்போது கழுவித் துடைத்துக் காயவிட நேரம் போகும், அதையும் வேலை நேரமாகக் கணக்கில் சேருங்கள். நாங்கள் கிழமையின் தொடக்கத்தில் அரிசிமா, நடுவில் சத்துமா, கடைசியில் தூள் என்று வைத்திருக்கிறோம். தூள் அரைத்த மில்லில் அடுத்து அரிசிமா அரைத்தால் எவ்வளவு கழுவினாலும் மணம் ஒட்டும். சத்துமாவில் கச்சான் சேர்கிறது. கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் சத்துமாவுக்குப் பிறகு கழுவுகிற வேலையை அக்கா யாரிடமும் விடுவதில்லை.

மூன்றாவது தொடர் உற்பத்தி. நெல் ஆலை, குடிநீர் அடைப்பது, பால் பதனிடுவது போன்றவை. நின்றால் நட்டம். இதற்கு எழுத்தில் ஒப்பந்தம் செய்த பல வழங்குநர்கள், மாற்று மின்சாரம், பெரிய களஞ்சியம் எல்லாம் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் இதில் நேரே இறங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். தொகுதி முறையில் இரண்டு பெரும்போகம் கண்ட பிறகு யோசிக்கலாம்.

படி 3: எங்கே தங்குகிறது என்று நேரம் பிடித்துப் பாருங்கள்

இயந்திரம் வாங்குவதற்கு முதல் இதைச் செய்யுங்கள். ஒரு நாள் வேலையை மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். எங்கள் அரிசிமாவில் பத்துக் கிலோவுக்கு ஒரு நாள் நான் எழுதியது: ஊறவைத்து வடியவிடுவது தனி, அதற்கு ஆள் நிற்கத் தேவையில்லை. அரைக்க 12 நிமிடம். அரிதட்டில் அரிக்க 15 நிமிடம். தாச்சியில் வறுக்க 45 நிமிடம். ஆறவிட ஒரு மணித்தியாலம். மறுபடி அரித்துக் கட்டி எடுக்க 15 நிமிடம். நிறுத்துப் பொதி செய்ய அரை மணித்தியாலம்.

அந்த நேரம் நாங்கள் பெரிய மில் ஒன்று வாங்கக் கடன் கேட்கத் திரிந்துகொண்டிருந்தோம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு நிறுத்தினோம். மில் 12 நிமிடத்தில் இருந்து 5 நிமிடத்துக்கு வந்தாலும் தாச்சியில் அதே 45 நிமிடம்தானே. இரண்டாவது தாச்சியும் அடுப்பும் வைத்தோம், ஒரு நாளில் செய்கிற அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. வேலை எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே காசைப் போடுங்கள்.

ஆறவிடுகிற நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அவசரத்தில் சூட்டோடு பொதி செய்தால் உள்ளே ஆவி படிந்து ஈரமாகும், இரண்டு மூன்று கிழமையில் மணம் மாறும், பிறகு பூஞ்சணம்.

படி 4: வேண்டிய பொருளை எழுத்தில் விபரியுங்கள்

"நல்ல செத்தல் மிளகாய்" என்று சொன்னால் விற்கிறவருக்கு ஒரு நல்லது, உங்களுக்கு இன்னொரு நல்லது. கொப்பியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்கள். எங்கள் மிளகாய்ப் பக்கம் இப்படி இருக்கும்: முழுமிளகாய், தூளாக வேண்டாம். அந்த வருடத்துக் காய். நிறம் கடுஞ்சிவப்பு, வெள்ளை விழுந்த காய் கூடாது. காம்பை வளைத்தால் முறிய வேண்டும். கருமை, பூஞ்சணம், புகை மணம் இருக்கக் கூடாது. 25 கிலோச் சாக்கு, சாக்கின் நிறை கழித்து.

தூளாக வாங்க வேண்டாம் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மிளகாய்த்தூளில் செங்கல் தூளும், மஞ்சள்தூளில் மாவும் சாயமும் கலப்பது புதிதல்ல. முழுதாக வாங்கினால் கண்ணாலேயே பார்க்கலாம். உங்கள் பெயர் போட்ட பொதிக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

எதையும் கிலோக்கணக்கில் பேசுங்கள். மூடைக்கு இவ்வளவு என்ற பேச்சில் மூடையின் நிறை ஊருக்கு ஊர் மாறும்.

படி 5: யார் யாரிடம் வாங்கலாம்

நேரே விவசாயியிடம் வாங்குவது முதல் வழி. நெல், கச்சான், உழுந்து, எள்ளு, பயறு எல்லாம் வன்னி மண்ணில் விளைகிறவை. பூநகரி மொட்டைக்கறுப்பன் நெல்லுக்கு எங்கேயும் பெயர் இருக்கிறது. விதைப்புக்கு முதலே போய்ப் பேசினால் எந்த நெல், எவ்வளவு, எப்போது என்று ஒழுங்கு செய்யலாம். சிக்கல், எல்லாம் ஒரே நேரத்தில் வரும். அறுவடையில் ஆறு மாதத்துக்கு வாங்கிவைக்கக் காசும் இடமும் வேண்டும். சிறுபோகம் குளத்துத் தண்ணீரை நம்பியது. இரணைமடுவில் தண்ணீர் குறைந்த வருடம் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று சிறுபோகக் கூட்டத்தில் குறைத்துவிடுவார்கள். அந்தத் தீர்மானம் உங்கள் அரிசிமாவையும் பாதிக்கும், எனவே கூட்டத்தில் என்ன முடிவு என்று கேட்டறிந்து வையுங்கள்.

அடுத்தது ஊரில் சேர்த்து விற்கிற வியாபாரிகளும் கூட்டுறவுச் சங்கங்களும். தவணை தவணையாக எடுக்கலாம் என்பது இவர்களிடம் உள்ள வசதி. பல வயல் நெல் ஒரே சாக்கில் கலந்துவிடும் என்பது குறை. சங்கத்தில் வாங்கினால் பற்றுச்சீட்டு ஒழுங்காகக் கிடைக்கும், கடன் விண்ணப்பத்துக்கு அது உதவும்.

இங்கே விளையாததற்கு மொத்த வியாபாரிகள்தான். சீரகம், பெருஞ்சீரகம், மல்லி, செத்தல் மிளகாயில் பெரும்பங்கு எல்லாம் கப்பலில் வருகிறவை. கொழும்பு நாலாம் குறுக்குத்தெருவில் இறங்கி, வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணக் கடைகளுக்குப் பிரிகின்றன. ஆகவே அரசாங்கத்தின் இறக்குமதிக் கொள்கை உங்கள் தாச்சிவரைக்கும் வரும். 2020இல் மஞ்சளுக்கும் உழுந்துக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது விலை பல மடங்கு ஏறியது. தூள் செய்கிறவர்கள் மஞ்சளுக்குத் திண்டாடினார்கள். வவுனியாப் பக்கம் உழுந்து வைத்திருந்த விவசாயிகளுக்கோ நல்ல விலை கிடைத்தது.

இயந்திரம் விற்கிறவரும் ஒரு வழங்குநர்தான். அவரிடம் மூன்று கேள்வி. முதலாவது, ஒற்றைப் பேஸா மூன்று பேஸா? ஊர்மனைகளில் பெரும்பாலான வீடுகளுக்கு ஒற்றைப் பேஸ் மின்சாரம்தான், பெரிய மோட்டார் ஓடாது. மூன்று பேஸுக்கு மாற்றுகிற செலவை மின்சாரசபையில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இரண்டாவது, பழுதானால் யார் வருவார்கள், கிளிநொச்சிக்கு வர எத்தனை நாள்? பட்டியும் அரிதட்டும் வவுனியாவிலாவது கிடைக்குமா? மூன்றாவது, பொருள் படுகிற பாகம் துருப்பிடிக்காத உருக்கா? சாதாரண இரும்புத் தட்டுத் தேயும்போது பொடி தூளோடு சேரும். எந்த மில்லானாலும் அரைத்த தூளுக்குள் ஒரு பலமான காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். நாங்கள் ஒவ்வொரு தொகுதிக்கும் செய்கிறோம்.

பொதிப்பை விடயத்தில் ஒரே எச்சரிக்கை. அச்சடித்த பை அழகுதான், ஆனால் அச்சகங்கள் ஆயிரக்கணக்கில்தான் அடித்துத் தரும். முதல் வருடம் சாதாரணத் தடித்த பையும் ஒட்டுகிற லேபிளும் போதும். விலையை அச்சடிக்காமல் இடம்விட்டு முத்திரை குத்துங்கள். 2022இல் டொலர் ஏறியபோது பழைய விலை அச்சடித்த பைகளைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

படி 6: போய்ப் பாருங்கள், கையை விட்டுப் பாருங்கள்

எங்களுடைய இரண்டாவது வருடம், கார்த்திகை மாதம். வழக்கமாக எடுக்கிற இடத்தில் மிளகாய் முடிந்துவிட்டது. ஒரு மொத்த வியாபாரி தொலைபேசியில் நல்ல விலை சொன்னார், மூன்று சாக்கு, 75 கிலோ. லொறியில் வந்து இறங்கியது. வாயைப் பிரித்துப் பார்த்தேன், சிவப்பாக, சலசலவென்று இருந்தது. காசைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அக்கா சாக்கைத் தறப்பாளில் கவிழ்த்தார். மேலே ஒரு சாண் நல்ல காய். நடுவில் இருந்தது தோல்போல வளைந்தது, மூக்கில் புளித்த மணம். அடியில் கறுத்து, கையில் தூசியாகப் பூஞ்சணம். 22 கிலோவைக் கிடங்கு வெட்டித் தாட்டோம். அந்த வியாபாரி பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. முழுக் காசையும் முதலே கொடுத்துவிட்டதால் பேச எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது செய்வது இது. சாக்கை இறக்குகிற இடத்திலேயே, விற்கிறவர் நிற்கும்போதே, ஏதாவது ஒரு சாக்கை நாங்களே தெரிந்து கவிழ்ப்போம். மற்றச் சாக்குகளில் முழங்கை வரை கையை விட்டு அடியில் இருந்து ஒரு பிடி எடுப்போம். மிளகாய் என்றால் காதடியில் குலுக்கினால் விதை கிலுகிலுக்க வேண்டும். கச்சான் என்றால் பத்துக் கோதை உடைத்துப் பருப்பைப் பார்ப்போம். சுருங்கியது, நிறம் மாறியது, பச்சைப் பூஞ்சணம் ஒன்று இருந்தாலும் அந்தச் சாக்கு வேண்டாம்.

கச்சானில் இவ்வளவு கடுமை ஏன் என்றால், ஈரத்தோடு வைத்த கச்சானில் வளர்கிற ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைப் பாதிப்பது, புற்றுநோய்வரை கொண்டுபோகக்கூடியது. வீட்டில் வறுக்கிற சூட்டில் அது முழுதாக அழியாது. பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டாலும் நஞ்சு பருப்பில் நிற்கும். சத்துமாவைச் சாப்பிடுகிறது சின்னப் பிள்ளைகள். இந்த இடத்தில் மலிவு பார்க்கவே கூடாது.

தானியத்தில் ஈரம் பார்க்க மானி இல்லாவிட்டால் உப்புப் போத்தல் போதும். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் ஒரு சுண்டு அளவு நெல்லும், காயவைத்த தூளுப்பு இரண்டு மூன்று மேசைக்கரண்டியும் போட்டு மூடுங்கள். ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, கால் மணித்தியாலம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 வீதத்துக்கு மேல். ஒட்டாமல் அடியில் கிடந்தால் அதற்குக் கீழ். மாதக்கணக்கில் வைத்திருக்கிற நெல்லுக்கு 14 வீதத்துக்கு மேல் ஈரம் கூடாது. எனவே ஒட்டாத நெல்லையும் தறப்பாளில் இன்னொரு வெயில் காட்டியே அடுக்குங்கள். சுவரில் முட்டாமல், நிலத்தில் படாமல், பலகையின் மேல். முதல் வந்தது முதல் போக வேண்டும், அதற்குச் சாக்கில் திகதி எழுதுங்கள்.

படி 7: கையில் மிஞ்சுகிற நிறையால் விலையை வகுத்துப் பாருங்கள்

கணக்குக்கு ஒரு விலையை வைத்துப் பார்ப்போம். முதலாமவர் மிளகாய் கிலோ 1,000 ரூபாய் சொல்கிறார். பத்துக் கிலோ வாங்கி, காம்பும் கழிவும் நீக்கி, வறுத்து அரைத்தால் 8.2 கிலோ தூள் கிடைக்கிறது. அப்படியென்றால் ஒரு கிலோத் தூளுக்கு மிளகாய்ச் செலவு ஏறக்குறைய 1,220 ரூபாய். இரண்டாமவர் 1,080 சொல்கிறார். அவருடைய காய் காய்ந்தது, கழிவு குறைவு, 9.2 கிலோ தூள் வருகிறது. கிலோவுக்கு 1,174 ரூபாய். கூட விலை சொன்னவர்தான் மலிவானவர். இதில் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, ஓட்டோக்காசு எல்லாம் சேருங்கள். சந்தியில் இறக்கிவிட்டுப் போகிறவருக்கும் படலையில் இறக்குகிறவருக்கும் விலையில் வித்தியாசம் இருக்கிறது.

கடனுக்குத் தருகிறவரின் விலையையும் இப்படி உடைத்துப் பாருங்கள். கைக்காசுக்கு 1,000, ஒரு மாதக் கடனுக்கு 1,040 என்றால் மாதத்துக்கு 4 வீத வட்டி, வருடத்துக்கு 48 வீதம். அதோடு கடன்பட்ட இடத்தில் சாக்கைக் கவிழ்த்துப் பார்க்க வாய் வராது. அது வட்டியைவிடப் பெரிய நட்டம்.

படி 8: சின்னதாக வாங்கி, எழுதி, பிறகு பெரிதாக்குங்கள்

முதல் தடவை ஒரு தொகுதிக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். பிடித்திருந்தால் அந்தப் பொருளில் ஒரு போத்தல் எடுத்து மூடி, திகதி போட்டு, விற்கிறவரிடமும் ஒரு போத்தல் கொடுங்கள். பிறகு வருகிற ஒவ்வொரு சாக்கையும் அந்தப் போத்தலோடு ஒப்பிடலாம். "போன முறை மாதிரி இல்லை" என்று வாயால் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

ஒழுங்காக வாங்கத் தொடங்கினால் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன பொருள், என்ன தரம், எவ்வளவு, விலை எப்படித் தீர்மானிப்பது, எங்கே இறக்குவது, கூலி யாருடையது, தரம் பிழைத்தால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம், காசு எப்போது. இருவரும் கையெழுத்து. சட்டத்தரணி வேண்டியதில்லை, தெளிவான தமிழ் போதும். முழுக் காசையும் முற்பணமாகக் கொடுக்காதீர்கள், பாதிக் காசைச் சாமான் இறக்கிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

கொப்பியில் வழங்குநருக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு முறையும் நான்கு விடயம்: சொன்ன நாளில் வந்ததா, நிறை சரியா, எவ்வளவு கழிந்தது, பிழை சொன்னபோது எப்படி நடந்துகொண்டார். ஆறு முறை எழுதினால் யாரை வைத்திருப்பது என்று பக்கத்தைப் பார்த்தே தெரியும். தொகுதி இலக்கத்தையும் அதே வரியில் எழுதுங்கள். ஏதாவது பொதியில் முறைப்பாடு வந்தால் எந்தச் சாக்கு, யாரிடம் வந்தது என்று ஐந்து நிமிடத்தில் பிடிக்கலாம்.

நீங்களும் நல்ல வாங்குநராக இருங்கள். முத்திரை பதித்த தராசு வைத்திருங்கள், விவசாயிக்குத் தெரிகிற மாதிரி நிறுங்கள். நிறையில் ஏமாந்து ஏமாந்து சலித்துப்போன சனம் இது. சொன்ன நாளில் காசு கொடுத்தால் அடுத்த அறுவடையில் உங்களுக்கென்று நல்ல மூடையைத் தனியாக வைத்திருப்பார்கள். எங்களுக்கு அப்படி வைத்திருக்கிறார்கள்.

படி 9: இரண்டாவது ஆளும் மழைக்கால இருப்பும்

முக்கியமான பொருளுக்கு ஒருவரிடமே தங்காதீர்கள். பெரும்பங்கை ஒருவரிடமும் கொஞ்சத்தை இன்னொருவரிடமும் எடுங்கள், பழக்கம் விடாமல் இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: கிளிநொச்சியில் இரண்டு கடையில் வாங்குகிறேன் என்று நிம்மதியாக இருந்தோம். ஒரு நாள்தான் தெரிந்தது, இருவருக்கும் ஒரே லொறி ஒரே இடத்தில் இருந்து கொண்டுவருகிறது என்று. அந்த லொறி நின்றால் இருவரிடமும் இல்லை. உங்கள் வழங்குநருக்கு வழங்குகிறவர் யார் என்று கேளுங்கள்.

இருப்புக்கு ஒரு சின்னக் கணக்கு. நாளுக்கு 6 கிலோ அரிசி முடிகிறது, சொன்னால் வர 5 நாள் எடுக்கும், தாமதத்துக்கு இன்னும் 4 நாள் வைப்போம். 9 நாளுக்கு 54 கிலோ. அறையில் 54 கிலோவுக்கு இறங்கிய அன்றே சொல்லிவிட வேண்டும். ஐப்பசியில் இருந்து தை வரை வடகீழ்ப் பருவமழை, இந்தக் கணக்கை இரட்டிப்பாக்குங்கள். காயவைக்க வெயில் இருக்காது, வீதி எப்போது மறியும் என்றும் தெரியாது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் கதவுகள் திறந்தபோது கிழக்குப் பக்க ஊர்கள் தண்ணீரில் நின்றன. களஞ்சியத்தில் கீழ்ச் சாக்கை நிலத்தில் வைத்திருந்தவர்கள் அதை இழந்தார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ-9 வீதி 2002இல் திறந்து, யுத்தத்தில் 2006 ஆவணியில் மறுபடி மூடப்பட்டதைப் பார்த்த எங்களுக்கு, வீதி நின்றால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதிவுகள்

வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகம், உரிமத்துக்குப் பிரதேச சபை. உணவு செய்கிறீர்கள் என்றால், கட்டடத்தில் கை வைப்பதற்கு முதலே உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கட்டிய பிறகு சுவரை இடிப்பதைவிட அது மலிவு. லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ்தான் அந்த ஒழுங்குவிதிகள் இருக்கின்றன.

இதை எழுதுகிறது ஆவணி மாதம். பூநகரியில் நிலம் உழுது மழைக்கு முதல் விதைக்க ஆயத்தமாகிறார்கள். நாளைக்குக் காலை அங்கே மூன்று வீட்டுக்குப் போகிறேன். தை மாத நெல்லுக்கு இப்போதே அளவு சொல்ல வேண்டும், விலை எப்படிப் பேசுவது என்று இருந்து கதைக்க வேண்டும். தராசும், போன வருடத்து மாதிரிப் போத்தலும், கழுவிக் காயவைத்த வெறுஞ்சாக்குகளும் ஓட்டோவில் ஏற்றியாகிவிட்டது.